முதல் டிஜே கன்ட்ரோலர்: கருவியை முதலில் தேர்ந்தெடுப்பதா, மென்பொருளையா?

நாலுக்குநாலு:

வணக்கம். நான் குழு உடற்பயிற்சி வகுப்பு எடுக்கிறவள். ஒரு வகுப்பு 45 நிமிடம். அந்த 45 நிமிடமும் இசை நிற்கக் கூடாது, தாளம் தடுமாறக் கூடாது. முப்பது பேர் ஒன்றாகக் குதித்துக்கொண்டிருக்கும்போது பாட்டில் ஓர் அடி தவறினால் முப்பது பேரின் காலும் தவறும். யாருக்காவது கணுக்கால் பிசகிவிடுமோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

இதுவரை கைப்பேசியில் இரண்டு டெக் (பாடலை ஓடவிடும் பகுதி) உள்ள ஒரு செயலியை வைத்துத்தான் பாடல்களைக் கோத்து வந்தேன். ஒரு வருடம் அப்படியே ஓடிவிட்டது. ஆனால் திரையில் விரலை வைத்து கிராஸ்ஃபேடரை (ஒலியை ஒரு பாடலிலிருந்து மற்றதற்கு மாற்றுகிற நகர்த்தி) நகர்த்தும்போது, எங்கே வைத்தேன் என்று பார்க்கக் கண் திரைக்குப் போய்விடுகிறது. அந்தச் சில வினாடிகள் வகுப்பைப் பார்க்க முடிவதில்லை. கை தடவினாலே தெரிகிற ஃபேடரும் பொத்தானும் உள்ள, லேப்டாப்பில் செருகுகிற டிஜே கன்ட்ரோலர் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

தொடக்கநிலைக் கருவிகள்தான் என் வரம்பு. பயனியர் டிஜேயின் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4, நியூமார்க் மிக்ஸ்டிராக் பிளாட்டினம் எஃப்எக்ஸ், ஹெர்குலிஸ் டிஜேகன்ட்ரோல் இன்பல்ஸ் 500 ஆகிய மூன்றையும் குறித்து வைத்திருக்கிறேன். குழப்பம் மென்பொருளில்தான். ஒரு நண்பர் ரெக்கார்ட்பாக்ஸ் என்கிறார், கிளப்புகளில் எல்லாம் சிடிஜே (பென் டிரைவிலிருந்து பாடலை ஓட்டுகிற டிஜே பிளேயர்) இருப்பதால் அதுதான் சரி என்பது அவர் வாதம். இன்னொருவர் செராட்டோவைத் தவிர வேறு எதையும் தொடாதே என்கிறார். இலவசமாகவே நல்லது கிடைக்கிறது என்கிறார் மூன்றாமவர்.

என்னிடம் சுமார் 900 பாடல்கள் கோப்புகளாக இருக்கின்றன. பாதி கணினியில் உருவான நடன இசை. மீதி, வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து வாசித்துப் பதிவான பழைய பாடல்கள். இவற்றில் தாளம் கொஞ்சம் முன்னே பின்னே போகும். சிங்க் பொத்தானை (இரண்டு பாடலின் தாளத்தைத் தானாகச் சேர்க்கிற பொத்தான்) நம்பி இவற்றைக் கலக்கலாமா? வகுப்பில் தலையில் மாட்டுகிற வயர்லெஸ் மைக்கில் பேசுகிறேன், அதைக் கன்ட்ரோலரிலேயே செருகலாமா? லேப்டாப் ஐந்து வருடம் பழையது, விண்டோஸ், 8 ஜிபி ரேம். வகுப்புக்கான கலவையை வீட்டில் பதிவு செய்து வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

பொறுமையாகப் பதில் சொல்கிறவர்களுக்கு முன்கூட்டியே நன்றி.

கிராஸ்ஃபேடர்:

எஃப்எல்எக்ஸ்4 வாங்குங்கள். நிறையப் பேர் பயன்படுத்துகிற கருவி, பாடங்களும் விளக்கக் காணொளிகளும் ஏராளம். ஏதாவது சிக்கல் வந்தால் தேடிய உடனே தீர்வு கிடைக்கும். ரெக்கார்ட்பாக்ஸிலும் ஓடும், செராட்டோ டிஜே லைட்டிலும் ஓடும். நான் இரண்டு வருடமாக அதில்தான் வாசிக்கிறேன், ஒரு குறையும் இல்லை. தனியாக வாங்கிச் செருகுகிற ஹெட்ஃபோனை மட்டும் நல்லதாகப் பாருங்கள், அதில் சிக்கனம் பிடிக்காதீர்கள்.

ஊசிமுனை:

நாலுக்குநாலு, உங்கள் கேள்வியில் ‘முப்பது பேரின் காலும் தவறும்’ என்ற வரியில் நின்றுவிட்டேன். நடன அரங்கில் ஒரு கலவை சறுக்கினால் நான்கு பேர் முகம் சுளிப்பார்கள், அடுத்த பாட்டில் மறந்துவிடுவார்கள். உங்கள் வகுப்பில் அப்படி இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் மென்பொருளை முடிவு செய்யுங்கள். கன்ட்ரோலர் கெட்டுப்போனால் இன்னொன்று வாங்கலாம். 900 பாடலுக்கும் உட்கார்ந்து நீங்கள் வைக்கப்போகிற க்யூ புள்ளிகள் (பாடலில் தாவ வேண்டிய இடங்களின் குறிகள்), திருத்தப்போகிற பீட்கிரிட் (தாளக் கோடுகள்), ‘வார்ம்-அப்’, ‘குதிப்பு’, ‘தளர்வு’ என்று பிரிக்கப்போகிற பட்டியல்கள், இந்த உழைப்பு முழுவதும் மென்பொருளின் தரவுத்தளத்துக்குள்தான் குடியிருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அதைப் பெயர்த்துக்கொண்டு போவது எளிதல்ல.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு காலத்தில் 1,400 பாடல்களுக்கு க்யூ வைத்திருந்தேன். புதிய ஹார்ட் டிஸ்க் வாங்கிய உற்சாகத்தில், பாடல் கோப்புறையை மென்பொருளுக்கு வெளியிலேயே புது டிஸ்க்குக்கு நகர்த்திவிட்டேன். மறுநாள் திறந்தால் ஒவ்வொரு பாடலின் பக்கத்திலும் ‘கோப்பு இல்லை’ என்ற குறி. சரி, இதுதான் சமயம் என்று வேறு மென்பொருளுக்கு மாறினேன். பாடல்கள் வந்தன, என் க்யூ புள்ளிகளில் ஒன்றுகூட வரவில்லை. மூன்று வாரம், ஒவ்வோர் இரவும், மறுபடியும் முதல் பாடலிலிருந்து ஆரம்பித்தேன். அன்று யாராவது எனக்கு இரண்டு விஷயம் சொல்லியிருக்கலாம்: கோப்பை நகர்த்துவதாக இருந்தால், மென்பொருளுக்குள் இருக்கிற ‘ரீலொகேட்’ வசதி வழியாகப் புது இடத்தைக் காட்ட வேண்டும், மாறுவதற்கு முன் எந்த மென்பொருள் எதை எங்கே எழுதி வைக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

செராட்டோ க்யூ புள்ளிகளைப் பாடல் கோப்பின் டேக்கிலேயே (கோப்புக்குள் இருக்கிற விவரப் பகுதி) எழுதிவிடும், பட்டியல்களை அதே டிஸ்க்கில் தன் பெயரிலான ஒரு கோப்புறையில் வைத்துக்கொள்ளும். ரெக்கார்ட்பாக்ஸ் எல்லாவற்றையும் தன் தரவுத்தளத்தில் வைத்திருக்கும், கேட்டால் எக்ஸ்எம்எல் கோப்பாகத் தரும். டிராக்டர் என்ற இன்னொரு டிஜே மென்பொருளுக்கும் தனியாக ஒரு தொகுப்புக் கோப்பு உண்டு. இவற்றுக்கு இடையே மாற்றித் தருகிற துணைக் கருவிகளும் இருக்கின்றன. மாற்றிய பிறகு க்யூ சில மில்லிவினாடி தள்ளி விழுவதைப் பார்த்திருக்கிறேன். வகுப்புக்கு அது ஆகாது.

கிளப், சிடிஜே என்கிற நண்பரின் வாதம் கிளப்பில் வாசிக்கப் போகிறவருக்குச் சரியானது. ரெக்கார்ட்பாக்ஸில் தயாரித்த பென் டிரைவைச் சிடிஜேயில் செருகினால் உங்கள் க்யூவும் கிரிட்டும் அப்படியே அங்கே நிற்கும். பென் டிரைவ் எஃப்ஏடி32 வடிவத்தில் இருப்பதுதான் பாதுகாப்பு, என்டிஎஃப்எஸ் வடிவத்தைச் சிடிஜே படிக்காது. இந்த ஒரே காரணத்தால் விழா நாளில் வெறுங்கையோடு நின்றவர்களை அறிவேன். ஆனால் உங்களுக்கு அது இப்போது தேவைப்படாது. உங்களுக்கு ரெக்கார்ட்பாக்ஸை நான் சொல்வதற்குக் காரணம் வேறு: நீங்கள் கலவையைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறீர்கள். செராட்டோவின் இலவசப் பதிப்பான லைட்டில் பதிவு வசதி கிடையாது, அதற்கு ப்ரோ பதிப்பைத் தனியாக வாங்க வேண்டும். எஃப்எல்எக்ஸ்4 போன்ற கருவியை இணைத்த உடனே ரெக்கார்ட்பாக்ஸின் வாசிப்புப் பகுதி திறந்துகொள்ளும், பதிவும் அதில் சேர்த்தி. ப்ரோ வாங்குவது என்று தீர்மானித்துவிட்டால் செராட்டோ அருமையான மென்பொருள், திரை தெளிவாக இருக்கும், எழுத்து கண்ணை உறுத்தாது. இலவசத்தோடு நிறுத்திக்கொள்வதானால் அது உங்களுக்குப் பாதி வழியில் நின்றுவிடும்.

இனி சிங்க். இங்கேதான் உங்கள் வகுப்பின் உயிர் இருக்கிறது.

சிங்க் பொத்தானுக்குக் காது கிடையாது. பாடலை அது கேட்பதே இல்லை, மென்பொருள் பாடலின் மேல் போட்டு வைத்த கோடுகளை மட்டும் பார்க்கிறது. அந்தக் கோடுகள்தான் பீட்கிரிட். கோடு சரியான இடத்தில் இருந்தால் சிங்க் சரியாக இருக்கும், கோடு பிசகியிருந்தால் சிங்க் மிகத் துல்லியமாகப் பிசகும். எனவே ஒவ்வொரு பாடலுக்கும் ஒருமுறை கோட்டைச் சரிபார்த்தே ஆக வேண்டும். நான் செய்கிற விதம் இது. பாடலின் அலைவடிவத்தை முடிந்த மட்டும் பெரிதாக்குகிறேன். முதல் கிக் டிரம் (‘டும்’ என்ற கனமான முரசு) அடி, மலை போல் செங்குத்தாக எழும் இடம் தெரியும். முதல் கோட்டை அந்த மலையின் இடது அடிவாரத்தில் வைக்கிறேன், உச்சியில் வைப்பதில்லை. பிறகு நேராகப் பாடலின் மூன்றாவது நிமிடத்துக்குப் போகிறேன். அங்கேயும் கோடு அடிவாரத்திலேயே நின்றால் அந்தப் பாடல் முடிந்தது. கோடு விலகி நின்றால் வேகத்தைத் தவறாகக் கணித்திருக்கிறது என்று பொருள். 128 பீபிஎம் (நிமிடத்துக்கு 128 அடி) பாடலை 127.98 என்று கணித்துவிட்டால், மூன்றாவது நிமிடத்தில் கோடு சுமார் 28 மில்லிவினாடி தள்ளி நிற்கும். தனியாகக் கேட்டால் தெரியாது. இன்னொரு பாடலோடு சேர்த்து ஒலிக்கவிட்டால் ‘டும்’ என்று ஒன்றாக விழ வேண்டிய அடி ‘ட-டும்’ என்று இரட்டையாக விழும். உங்கள் மாணவர்களின் கால் அதைக் காதுக்கு முன்னே கண்டுபிடித்துவிடும்.

இன்னொரு தவறும் மென்பொருள் செய்யும்: 75 பீபிஎம் பாடலை 150 என்றும், 150-ஐ 75 என்றும் எழுதிவிடும். அதைத் திருத்த இரட்டிப்பு, பாதி என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும், ஒரு தட்டுதான்.

வாத்தியக்காரர்கள் வாசித்த பழைய பாடல்கள் வேறு இனம். டிரம் வாசித்தவர் சரணத்தில் உற்சாகத்தில் சற்று முந்துவார், பல்லவிக்குத் திரும்பும்போது நிதானிப்பார். அதுதான் அந்தப் பாட்டின் அழகும். ஒரே வேகத்துக் கோடுகள் அதன் மேல் பொருந்தாது. ரெக்கார்ட்பாக்ஸில் ‘டைனமிக்’ என்று ஒரு பகுப்பாய்வு முறை இருக்கிறது, செராட்டோவிலும் ஒரே பாடலில் பல கிரிட் குறிகள் வைக்கலாம். இவை உதவும். ஆனால் வகுப்பில் அந்தப் பாடல்களை நீண்ட நேரம் இன்னொன்றோடு சேர்த்து ஒலிக்கவிடாதீர்கள். முந்தைய பாடலின் கடைசியில் எட்டு அடிக்கு ஒரு லூப் போட்டு, அந்த எட்டு அடியே திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி பிடித்து வைத்துக்கொண்டு, பழைய பாடலின் முதல் அடியில் சட்டென்று வெட்டி மாறுங்கள். வெட்டு சரியான அடியில் விழுந்தால் யாரும் உணர மாட்டார்கள்.

சரியான அடி எது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நீங்கள் 32 எண்ணிக்கைத் தொகுதிகளாகத்தான் அசைவுகளை அமைப்பீர்கள். நடன இசையும் பெரும்பாலும் 32 அடித் தொகுதிகளாகவே கட்டப்படுகிறது. 128 பீபிஎம்மில் ஒரு தொகுதி மிகச் சரியாக 15 வினாடி. புதிதாக வருகிற டிஜேக்கள் மாதக்கணக்கில் தடுமாறிக் கற்கிற பாடம் உங்கள் உடம்பில் ஏற்கெனவே இருக்கிறது. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இந்த வேலையில் பாதி அதுதான்.

மைக்கைக் கன்ட்ரோலரில் செருகாதீர்கள். ஒலிபெருக்கியிலேயோ அதனோடு இருக்கிற சிறு மிக்ஸரிலேயோ அதற்குத் தனி வழி கொடுங்கள். லேப்டாப் உறைந்து இசை நின்றாலும் உங்கள் குரல் நிற்கக் கூடாது. ‘ஐந்து, ஆறு, ஏழு, எட்டு’ என்று நீங்கள் எண்ணிக்கொண்டே இருந்தால் வகுப்பு ஓடிவிடும்.

கருவியில் ஒன்று மட்டும் கட்டாயம்: உள்ளேயே சவுண்ட் கார்டு இருக்க வேண்டும். ஒலிபெருக்கிக்கு ஒரு வழி, ஹெட்ஃபோனுக்கு வேறு வழி. அப்போதுதான் அடுத்த பாடலை யாருக்கும் கேட்காமல் நீங்கள் மட்டும் கேட்டுத் தயார் செய்ய முடியும். டிடிஜே-200 போன்ற சில சின்னக் கருவிகளில் அது கிடையாது, பிரிப்பான் கேபிள் போட்டு ஒரு காது வழி ஒன்று, மறு காது வழி ஒன்று என்று சமாளிக்க வேண்டும். நீங்கள் குறித்த மூன்றிலும் சவுண்ட் கார்டு இருக்கிறது.

லேப்டாப் போதும். ஸ்டெம்ஸ் எனப்படும் குரலையும் தாளத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும் வசதியை மட்டும் மறந்துவிடுங்கள், பழைய கணினியின் மூச்சை அது முட்டவைக்கும். விண்டோஸில் யுஎஸ்பி மின்சேமிப்பை அணைத்துவிடுங்கள். கன்ட்ரோலரை யுஎஸ்பி ஹப் வழியாக இல்லாமல் லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள். பஃபர் அளவை (கணினி ஒலியை முன்கூட்டியே சேர்த்து வைக்கிற அளவு) 512-இல் வையுங்கள்: 44,100 ஹெர்ட்ஸில் அது சுமார் 12 மில்லிவினாடித் தாமதம். ஸ்கிராட்ச் செய்கிறவருக்கு 256 தேவைப்படலாம், உங்களுக்கு வேண்டியது தடங்கலில்லாத ஒலி.

மூன்றெக்ஸ்:

இலவசம் என்று சொன்ன அந்த மூன்றாம் நண்பர் அநேகமாக மூன்று ‘எக்ஸ்’ போட்டு எழுதும் மிக்ஸைத்தான் சொல்லியிருப்பார். நான் பல வருடமாக லினக்ஸில் அதை வைத்துத்தான் வாசிக்கிறேன். திறந்த மூல மென்பொருள். லைட், ப்ரோ என்ற பிரிவே இல்லை. நான்கு டெக், பதிவு, இணைய ஒலிபரப்பு எல்லாம் முதல் நாளிலிருந்தே திறந்திருக்கும். விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். எஃப்எல்எக்ஸ்4-க்கும் இன்பல்ஸ் 500-க்கும் மேப்பிங் இருக்கிறது. எந்தப் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சின்ன ஸ்கிரிப்டில் எழுதியிருப்பார்கள், பிடிக்காவிட்டால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். கிளப்புக்காரர் தயாரித்த ரெக்கார்ட்பாக்ஸ் பென் டிரைவையும் அது திறந்து படிக்கும்.

ஊசிமுனை சொன்ன முதல் வார்த்தையோடு முழுவதும் உடன்படுகிறேன். ஒன்று சேர்க்கிறேன்: மென்பொருளைத் தேர்ந்தெடுக்கக் கன்ட்ரோலர் கையில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ, மிக்ஸ் மூன்றையும் இன்றே இறக்குங்கள். உங்கள் 900-இல் இருபது பாடலை எடுங்கள், பத்து புதியது, பத்து பழையது. மூன்றிலும் பகுப்பாய்வு செய்ய விடுங்கள். எது உங்கள் பாடல்களின் தாளத்தைக் குறைந்த தவறோடு பிடிக்கிறது, எதன் பட்டியலில் தேடிய பாடல் சட்டென்று கிடைக்கிறது என்று பாருங்கள். அடுத்தவர் பாடல்களுக்கு எது சரியாக வந்தது என்பது உங்களுக்குப் பயன்படாது.

ஆனால் கணினி அமைப்புகளில் கை வைக்கத் தயக்கம் உள்ளவர் என்றால் மிக்ஸை நான் வற்புறுத்த மாட்டேன். முதல் முறை ஒலி வழிகளை அமைக்கும்போது எது மாஸ்டர் (ஒலிபெருக்கிக்குப் போவது), எது ஹெட்ஃபோன் என்று நாமே சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும். அரைமணி நேர வேலை, ஆனால் அது நம் வேலை.

நாலுக்குநாலு:

எல்லோருக்கும் நன்றி. ஊசிமுனை ஐயா, உங்கள் பதிலைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டேன்.

மூன்றெக்ஸ் சொன்னபடி இருபது பாடலை எடுத்துப் பார்த்தேன். புதிய பத்தில் மூன்று மென்பொருளும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் கணித்தன. பழைய பத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாடலில் சறுக்கியது. ஒரு பாடலை இரண்டு மென்பொருள் பாதி வேகம் என்று எழுதியிருந்தன. ஐயா சொன்ன பாதி, இரட்டிப்புப் பொத்தானை அங்கேதான் முதன்முதலில் அழுத்தினேன்.

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவரிடம் எஃப்எல்எக்ஸ்4-உம், இன்னொரு பழைய கன்ட்ரோலரும் இருக்கின்றன. ஒரு மாலை முழுவதும் வந்து தொட்டுப் பார் என்கிறார். நான் எதைச் சோதிக்க வேண்டும்? பொத்தான்களை அழுத்திப் பார்த்துவிட்டு ‘நன்றாக இருக்கிறது’ என்று திரும்பி வந்துவிடக் கூடாதே என்று கேட்கிறேன்.

ஊசிமுனை:

நல்ல வாய்ப்பு, தவறவிடாதீர்கள். உங்கள் ஹெட்ஃபோனையும், நன்றாகத் தெரிந்த ஒரு பாடலையும் கையோடு கொண்டுபோங்கள்.

ஒரே பாடலை இரண்டு டெக்கிலும் ஏற்றுங்கள். சிங்க்கை அணைத்துவிடுங்கள். இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டு, ஜாக் வீலின் (கருவியின் மேலுள்ள வட்டத் தட்டு) விளிம்பை விரலால் மெல்லத் தள்ளியும் பிடித்தும் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கொண்டுவாருங்கள். மிக நெருங்கியதும் ஒலி மாறும். குழாய்க்குள்ளிருந்து கேட்பதுபோல, விமானம் தலைக்கு மேல் போவதுபோல ஒரு ‘ஷூ’ ஓசை பாடலின் மேல் படரும். ஒரே அலை இரண்டு முறை, மயிரிழை இடைவெளியில் ஒலிப்பதால் வருகிற ஓசை அது. அதை ஒருமுறை காதால் கேட்டுவிட்டால், ‘சேர்ந்துவிட்டது’ என்பதற்கு உங்களுக்கு வாழ்நாள் முழுவதும் ஓர் அளவுகோல் கிடைத்துவிடும். ஜாக் வீல் நல்லதா என்பதும் அதிலேயே தெரியும்: மெல்லத் தள்ளினால் மெல்ல நகர வேண்டும். தள்ளியும் ஒன்றும் ஆகாமல், பிறகு திடீரென்று தாவினால் அந்த வீல் வேண்டாம்.

அடுத்தது வேக ஃபேடர். வரம்பை ±8 சதவீதத்தில் வையுங்கள். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 இசைத்தட்டுச் சுழலியிலிருந்து வழிவழியாக வந்த அளவு அது. 1979-இல் வந்த அந்தச் சுழலியில்தான் நான் கற்றேன், என் கை இன்னும் அந்த எட்டு சதவீதத்துக்குள்தான் யோசிக்கிறது. ஃபேடரை முடிந்தவரை மெதுவாக நகர்த்தித் திரையில் பீபிஎம் எண் எப்படி ஏறுகிறது என்று கவனியுங்கள். பழைய கன்ட்ரோலர்கள் சிலவற்றில் ஃபேடர் தன் நிலையைக் கணினிக்கு 7 பிட் மிடி செய்தியாக அனுப்பும், அதாவது முழு நீளத்துக்கும் 128 படிகள்தான். 120 பீபிஎம் பாடலில் ஒவ்வொரு படியும் 0.15 பீபிஎம். உங்களுக்கு வேண்டிய வேகம் இரண்டு படிக்கு நடுவே விழுந்தால், எந்தப் படியில் வைத்தாலும் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 37 மில்லிவினாடி விலகிக்கொண்டே போகும். 14 பிட் ஃபேடரில் 16,384 படிகள், அங்கே இந்தத் தொல்லை இல்லை. அந்த இரண்டாவது, பழைய கருவியில் இதைக் கட்டாயம் பாருங்கள். எண் 120.00, 120.15, 120.30 என்று தாவினால் காரணம் உங்களுக்குத் தெரியும்.

ஒலிபெருக்கியை வகுப்பில் வைக்கிற சத்தத்துக்கே வைக்கச் சொல்லுங்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஹெட்ஃபோனில் அடுத்த பாடலின் கிக் டிரம் தெளிவாகக் கேட்கிறதா? ஒரு காதை மூடி, ஒரு காதைத் திறந்து வைத்துப் பாருங்கள். சின்னக் கருவிகளில் ஹெட்ஃபோன் ஒலி பலவீனமாக இருப்பது வழக்கம், வீட்டின் அமைதியில் கேட்டால் அது தெரியவே தெரியாது.

கடைசியாக, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கிராஸ்ஃபேடர் எங்கே, இடது டெக்கின் ப்ளே எங்கே, பேஸ் குறைக்கிற குமிழ் எங்கே? கை தானாகப் போகிறதா? நீங்கள் கன்ட்ரோலர் தேடி வந்ததே இதற்காகத்தான், வகுப்பிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்பதற்காக.

பேஸ் என்றதும் இன்னொன்று: இரண்டு பாடலும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒன்றின் பேஸை முழுவதும் குறைத்து வையுங்கள். இரண்டு கிக் டிரம் ஒரே நேரத்தில் இடித்தால் தாளம் கலங்கிவிடும், சிறிய ஒலிபெருக்கிகளில் சத்தமே சிதறும். 32 அடி முடிகிற இடத்தில் ஒன்றின் பேஸை ஏற்றி மற்றதன் பேஸை இறக்குங்கள்.

கிராஸ்ஃபேடர்:

இந்தப் படிக் கணக்கு எனக்கே புதிது. என் முதல் கருவியில் ஏன் எப்போதும் பாடல்கள் விலகின என்பது இப்போதுதான் புரிகிறது. என் கை சரியில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றெக்ஸ்:

ஹெர்குலிஸையும் முற்றாகத் தள்ளிவிடாதீர்கள். இன்பல்ஸ் வரிசையில் வேகத்தை எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்று அம்பு விளக்குகள் எரிந்து காட்டும். சிங்க் இல்லாமல் காதால் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு அது நல்ல ஆசிரியர். அதோடு வருகிற டிஜூஸ்டு மென்பொருளும் இலவசம்.

நாலுக்குநாலு:

போய்விட்டு வந்தேன். நேற்று மாலை ஐந்தரைக்கு உட்கார்ந்தது, எழும்போது ஒன்பதேகால்.

அந்த ‘ஷூ’ ஓசை. முதல் இருபது நிமிடம் வரவே இல்லை. வலது டெக்கைத் தள்ளினால் தாண்டிப் போய்விடும், பிடித்தால் பின்தங்கிவிடும். பிறகு அந்த நண்பர், ‘வீலைப் பார்க்காதே, ஹை-ஹேட்டைக் கேள்’ என்றார். கிக் டிரம்மை விட்டுவிட்டு அந்தச் சின்ன ‘ட்ஸ்’ ஓசையை மட்டும் கேட்டுக்கொண்டே விரல் நுனியால் தொட்டேன். பாடல் அப்படியே உள்ளிழுத்துக்கொண்டதுபோல் ஆனது. கையை எடுத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஏறக்குறைய பதினைந்து வினாடி நின்றது. உங்கள் கணக்கில் ஒரு தொகுதி.

பழைய கன்ட்ரோலரில் எண் நீங்கள் சொன்னபடியே தாவியது. எஃப்எல்எக்ஸ்4-இல் மென்மையாக ஏறியது. ஹெட்ஃபோன் ஒலி எனக்குப் போதுமானதாக இருந்தது, ஒரு காதைத் திறந்து வைத்தும் கிக் டிரம் கேட்டது. கண்ணை மூடியதும் கிராஸ்ஃபேடரும் ப்ளேயும் உடனே கிடைத்தன, பேஸ் குமிழுக்கு மட்டும் கை இரண்டு முறை நடுக் குமிழில் போய் நின்றது. பழகிவிடும் என்று தோன்றுகிறது.

எஃப்எல்எக்ஸ்4-உம் ரெக்கார்ட்பாக்ஸும் என்று முடிவு செய்துவிட்டேன். மாஸ்டர் வெளியீடு ஆர்சிஏ வகைச் செருகி மட்டும்தான் என்பதால், வகுப்பறையில் ஒலிபெருக்கி மிக்ஸருக்குப் பக்கத்திலேயே மேசையைப் போட்டு, கேபிளைக் குட்டையாக வைத்துக்கொள்கிறேன். மைக் தனி வழியில் போகும்.

கன்ட்ரோலர் வருவதற்குள் கிரிட் வேலையை ஆரம்பித்துவிட்டேன். நேற்று இரவு பதினொரு பாடல் முடிந்தது, எல்லாவற்றிலும் கோட்டை அடிவாரத்தில் வைத்து மூன்றாவது நிமிடத்தையும் பார்த்துவிட்டேன். பாடல் கோப்புறை இனி எங்கே இருக்க வேண்டும் என்பதை மட்டும் முதலிலேயே தீர்மானித்து, தரவுத்தளத்துக்கு ஒரு நகலும் எடுத்து வெளி டிஸ்க்கில் வைத்துவிட்டுத்தான் முதல் பாடலைத் திறந்தேன், ஐயா.